ஹைன்ஸ் ஹாப்ஃப் இயற்கணித இடவியலில் செய்தது என்ன?

ஹாப்ஃப் சார்பு, ஹாப்ஃப் மாறிலி, ஹாப்ஃப் இயற்கணிதம், பாயின்கரே–ஹாப்ஃப் தேற்றம் என்று இயற்கணித இடவியல் பாடத்தில் (வளைத்தாலும் நீட்டினாலும் மாறாத வடிவப் பண்புகளை இயற்கணிதத்தால் ஆராயும் துறை) அடுத்தடுத்து ஒரே பெயர் வருகிறது. இவையெல்லாம் ஒருவர் செய்ததுதானா, ஒன்றுக்கொன்று தொடர்பு உண்டா என்பது கேள்வி.

ஒருவர்தான், தொடர்பும் உண்டு. ஹாப்ஃப் பெரிய கோட்பாடு கட்டப் புறப்பட்டவர் அல்லர். வடிவியலில் தெளிவான ஒரு கேள்வியை எடுப்பார். இருக்கும் கருவி எந்த இடத்தில் போதவில்லை என்று பார்ப்பார். அந்த இடத்துக்கு வேண்டிய அளவு மட்டும் இயற்கணிதத்தைப் புதிதாகச் செய்வார். அவர் செய்த அந்தச் சிறு கருவிகளைப் பின்னால் வந்தவர்கள் தனித்தனித் துறைகளாக வளர்த்தார்கள். அதனால் கேள்விகளின் வழியாகப் போனால்தான் அவரைப் புரிந்துகொள்ள முடியும்.

அவர் பிறந்தது 1894 நவம்பர் 19 அன்று, பிரெஸ்லாவை (இன்று போலந்தில் உள்ள விராட்ஸ்வாஃப்) ஒட்டிய கிரேப்ஷெனில். முதல் உலகப்போரில் படையில் இருந்தவர், 1917இல் விடுப்பில் வந்தபோது எர்ஹார்ட் ஷ்மிட்டின் வகுப்பில் பிரௌவரின் நிறுவலைக் கேட்டார்: பரிமாண எண் வேறுபட்ட இரு வெளிகள் ஒன்றுக்கொன்று தொடர்ச்சியாகப் பொருந்த முடியாது என்பதன் நிறுவல் அது. அதில் வரும் 'படி' என்ற கருத்துதான் அவருடைய வாழ்நாள் வேலைக்கு விதை. 1925இல் பெர்லினில் முனைவர் பட்டம். பிறகு கோட்டிங்கனில் எம்மி நோதர், பாவெல் அலெக்சாந்த்ரோவ் ஆகியோருடன் பழக்கம். 1927–28இல் அலெக்சாந்த்ரோவுடன் பிரின்ஸ்டன். 1931இல் ஹெர்மன் வைல் விட்டுச்சென்ற இடத்தில் சூரிச்சின் கூட்டாட்சித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான ஈ.டி.ஹெச்.சில் பேராசிரியர். 1971இல் மறையும் வரை சூரிச் பகுதியிலேயே வாழ்ந்தார்.

முதலில் படி. ஒரு கோளத்திலிருந்து அதே பரிமாணக் கோளத்துக்குத் தொடர்ச்சியான சார்பு (ஒவ்வொரு புள்ளியையும் ஒரு புள்ளிக்கு அனுப்பும் விதி) ஒன்று இருக்கிறது என்று கொள்ளுங்கள். இலக்கில் ஒரு பொதுவான புள்ளியை எடுத்து, அதில் வந்து விழும் புள்ளிகளை எண்ண வேண்டும். திசையமைவு மாறாத இடத்துக்கு +1, தலைகீழாகும் இடத்துக்கு −1. கூட்டுத்தொகைதான் படி. சார்பைத் தொடர்ச்சியாக உருமாற்றினால் படி மாறாது என்பது பிரௌவருக்குத் தெரியும். ஹாப்ஃப் அதன் மறுதலையைக் காட்டினார்: படி சமமாக இருந்தால் ஒரு சார்பை மற்றொன்றாகத் தொடர்ச்சியாக உருமாற்றலாம். ஆக, ந-கோளத்திலிருந்து (ந பரிமாணக் கோளம்; சாதாரணக் கோளப்பரப்பு 2-கோளம்) ந-கோளத்துக்கான சார்புகளை ஒரே ஒரு முழு எண் முழுமையாக வகைப்படுத்திவிடுகிறது.

இதே எண்ணும் முறையை வெக்டர் புலங்களின் (ஒவ்வொரு புள்ளியிலும் ஓர் அம்பு) பூச்சியப் புள்ளிகளுக்குக் கொண்டுபோனதுதான் 1926இன் பாயின்கரே–ஹாப்ஃப் தேற்றம். ஒவ்வொரு பூச்சியத்தையும் ஒரு சிறு கோளத்தால் சூழ்ந்து, அதன் மேல் புலத்தின் திசை காட்டும் சார்பின் படியை எடுத்தால் அது அப்பூச்சியத்தின் குறியெண். குறியெண்களின் கூட்டுத்தொகை, மூடிய மேனிஃபோல்டின் (சிறு அளவில் சாதாரண வெளிபோல் இருக்கும், முடிவுறு அளவுள்ள, விளிம்பற்ற வெளி) ஆய்லர் எண்ணுக்கு (வெளியைத் துண்டுகளாக்கி, பரிமாணத்துக்குப் பரிமாணம் குறி மாற்றி எண்ணிய தொகை) சமம். சாதாரணக் கோளப்பரப்புக்கு 2, டோரஸுக்கு (வளையப் பரப்பு) 0, ந துளைகள் உள்ள பரப்புக்கு 2 − 2ந. இரு பரிமாணத்தில் பாயின்கரே ஏற்கெனவே செய்ததை எல்லாப் பரிமாணங்களுக்கும் கொண்டுபோனது ஹாப்ஃபின் பங்கு. விளிம்பு உள்ள வெளியில் இதைப் பயன்படுத்துவோர் அடிக்கடி தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: விளிம்பில் புலம் வெளிநோக்கி இருக்க வேண்டும். உள்நோக்கி இருந்தால் விளிம்பின் ஆய்லர் எண்ணைக் கழிக்க வேண்டும். திடப் பந்தில் எல்லா அம்புகளும் மையம் நோக்கிப் பாயும் புலத்தை எடுங்கள். மையத்தில் குறியெண் −1; பந்தின் ஆய்லர் எண் 1; விளிம்புக் கோளத்தின் எண் 2; 1 − 2 = −1. கணக்கு சரியாக வருகிறது. தட்டையான வட்டில் இதே பிழையைச் செய்தால் வட்டத்தின் ஆய்லர் எண் 0 என்பதால் பிழை வெளியே தெரியாது. அதனால்தான் பலர் அதைச் சரியென்று நினைத்து மூன்று பரிமாணத்துக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள்.

1928இல் வந்த கட்டுரை அளவில் சிறியது, விளைவில் பெரியது. அதுவரை, ஒரு வெளியில் ஒவ்வொரு பரிமாணத்திலும் உள்ள துளைகளை எண்ணும் பெட்டி எண்கள், முறுக்கெண்கள் என்று எண்களையே எழுதிவந்தார்கள். அவற்றுக்குப் பின்னால் குலங்கள் (ஹோமாலஜி குலங்கள்; குலம் என்பது திருப்பிச் செய்யக்கூடிய ஒரு செயலோடு கூடிய கணம்) இருக்கின்றன, எண்களை விட்டுக் குலங்களோடு வேலை செய்யுங்கள் என்று நோதர் வற்புறுத்தினார். ஹாப்ஃப் அதை ஏற்று லெஃப்ஷெட்ஸின் நிலைப்புள்ளிச் சூத்திரத்தை (சார்பு நகர்த்தாத புள்ளிகள் பற்றியது) சில வரிகளில் நிறுவினார். வெளியை முக்கோணத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பரிமாணத்திலும் சார்பு தரும் அணியின் மூலைவிட்டக் கூட்டுத்தொகையை எடுத்து, + − என்று குறி மாற்றிக் கூட்ட வேண்டும். துண்டுகள் அளவில் கூட்டினாலும் ஹோமாலஜி அளவில் கூட்டினாலும் விடை ஒன்றே. சமனிச் சார்பை (எந்தப் புள்ளியையும் நகர்த்தாதது) வைத்தால் ஆய்லர்–பாயின்கரே சூத்திரம் அப்படியே கிடைக்கிறது. விடை பூச்சியம் இல்லையென்றால் நிலைப்புள்ளி கட்டாயம் உண்டு. பூச்சியம் என்றால் நிலைப்புள்ளியே இல்லை என்று முடிவுசெய்துவிடக் கூடாது: டோரஸின் சமனிச் சார்புக்கு விடை 0, ஆனால் எல்லாப் புள்ளிகளும் நிலைப்புள்ளிகள். முறுக்குப் பகுதியை (ஏதோ ஒரு மடங்கில் பூச்சியமாகிவிடும் உறுப்புகள்) நீக்கிவிட்டு, விகிதமுறு எண்களின் மேல்தான் இந்தக் கூட்டுத்தொகையை எடுக்க வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இனி அவருடைய பெயரை நிலைநாட்டிய 1931ஆம் ஆண்டுக் கட்டுரை. கேள்வி இது: 3-கோளத்திலிருந்து 2-கோளத்துக்குச் செல்லும் தொடர்ச்சியான சார்பு ஒவ்வொன்றையும் ஒரே புள்ளியாகச் சுருக்கிவிட முடியுமா? முடியும் என்று நினைக்க நல்ல காரணம் இருந்தது. பரிமாணம் குறைகிறது. 3-கோளத்தின் ஹோமாலஜி 0, 3 ஆகிய பரிமாணங்களில் மட்டும் இருக்கிறது. 2-கோளத்தின் ஹோமாலஜி 0, 2 ஆகியவற்றில் மட்டும். ஆகவே நேர்ப் பரிமாணங்களில் எந்தச் சார்பும் ஹோமாலஜியில் பூச்சியத்தையே தரும். மாறிலிச் சார்பும் (எல்லாப் புள்ளிகளையும் ஒரே புள்ளிக்கு அனுப்புவது) அதையே தரும். ஹோமாலஜியால் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

ஹாப்ஃப் எடுத்த சார்பு எளிமையானது. |ப|² + |ம|² = 1 என்று இருக்கும் கலப்பெண் இணைகள் (ப, ம) 3-கோளம் ஆகின்றன. ஒவ்வோர் இணையையும் ப/ம என்ற விகிதத்துக்கு அனுப்புங்கள்; ம = 0 என்றால் முடிவிலிக்கு. கலப்பெண் தளத்தோடு முடிவிலியைச் சேர்த்தால் 2-கோளம். ப, ம இரண்டையும் அலகு நீளமுள்ள ஒரே கலப்பெண்ணால் பெருக்கினால் விகிதம் மாறாது. ஆகவே இலக்கின் ஒவ்வொரு புள்ளிக்கும் மேலே ஒரு வட்டம் நிற்கிறது. அதுதான் இழை.

இரண்டு இழைகளைக் கையால் கணக்கிட்டுப் பார்க்கலாம். முடிவிலியின் மேல் நிற்பது ம = 0, |ப| = 1 என்ற வட்டம். பூச்சியத்தின் மேல் நிற்பது ப = 0, |ம| = 1 என்ற வட்டம். ம-இன் கற்பனைப் பகுதி 1 ஆக இருக்கும் புள்ளியிலிருந்து 3-கோளத்தைச் சாதாரண முப்பரிமாண வெளிக்கு வீழ்த்துங்கள். முதல் வட்டம் கிடைமட்டத் தளத்தில் அலகு வட்டமாகவே விழும். இரண்டாவது செங்குத்து அச்சு முழுவதுமாக விரியும். அந்த அச்சு வட்டத்தின் நடுவே ஒரே ஒரு முறை குத்திச் செல்கிறது. இரண்டும் சங்கிலியின் அடுத்தடுத்த கண்ணிகள்போல் கோத்துக்கொண்டிருக்கின்றன, பிணைப்பெண் (எத்தனை முறை கோத்திருக்கின்றன என்ற எண்) 1.

இந்தப் பிணைப்பெண்தான் ஹாப்ஃப் மாறிலி. சார்பை உருமாற்றும்போது அது ஏன் மாறவில்லை? உருமாற்றம் முழுவதையும் ஒரே சார்பாகப் பார்த்தால், இரு புள்ளிகளுக்கு மேலே இரண்டு பரப்புகள் கிடைக்கின்றன. வெவ்வேறு புள்ளிகளுக்குச் செல்வதால் அவை எங்கும் வெட்டிக்கொள்வதில்லை. ஒரு முனையில் இருந்த பிணைப்பு மறுமுனைவரை அப்படியே இருந்தாக வேண்டும். மாறிலிச் சார்பில் பிணைப்பெண் 0. ஆகவே ஹாப்ஃபின் சார்பைச் சுருக்க முடியாது. அதைப் பல்வேறு படிகள் உள்ள சார்புகளோடு சேர்த்தால் முடிவற்ற பல வகைச் சார்புகள் கிடைக்கின்றன.

சேர்க்கும்போது ஒரு நுணுக்கம் உண்டு. 3-கோளத்தின் பக்கம் படி த உள்ள சார்பை முதலில் இட்டால் மாறிலி த மடங்கு ஆகும். 2-கோளத்தின் பக்கம் படி த உள்ள சார்பைப் பின்னால் இட்டால் த² மடங்கு ஆகும். காரணம் நேரடியானது. பின்னால் இடும்போது இலக்கின் ஒவ்வொரு புள்ளிக்கும் மேலே த இழைகள் நிற்கின்றன. இரு புள்ளிகளின் இழைகளை இணை இணையாகச் சேர்த்தால் த × த பிணைப்புகள். இதனால் 2-கோளத்தைப் பிரதிபலித்து, அதாவது படி −1 உள்ள சார்பால், திருப்பினாலும் மாறிலியின் குறி மாறாது. தேர்வுத் தாள்களில் மிகுதியாக வரும் பிழை, இங்கே த² என்பதற்குப் பதில் த என்று எழுதுவதுதான். எண்ணும்போது இழைகளுக்குத் திசையமைவைத் தர மறப்பது அடுத்த பிழை; குறி போய்விட்டால் எண்ணே போய்விடும்.

ஹாப்ஃப் இதை எழுதியபோது உயர் ஹோமோடோபி குலங்கள் (கோளங்களிலிருந்து ஒரு வெளிக்குச் செல்லும் சார்புகளை, ஒன்றை மற்றொன்றாக உருமாற்றக்கூடியவற்றை ஒன்றாகக் கொண்டு, வகைப்படுத்தும் குலங்கள்) என்று ஒன்று நடைமுறையில் இல்லை. 1932 சூரிச் மாநாட்டில் எட்வார்ட் செக் அவற்றை முன்வைத்தபோது, இவை பரிமாற்றுக் குலங்கள்தானே (வரிசை மாறினாலும் விடை மாறாதவை), ஹோமாலஜிக்கு மேல் புதிதாக என்ன சொல்லும் என்று அலெக்சாந்த்ரோவும் ஹாப்ஃபும் தயங்கினார்கள். செக் கட்டுரையின் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றார். ஹோமாலஜி பார்க்காததைப் பார்த்தவரே ஓர் ஆண்டு கழித்து இப்படித் தயங்கியது, அந்தக் குலங்கள் எவ்வளவு எதிர்பாராதவை என்பதைக் காட்டுகிறது. 1935இல் விடோல்ட் ஹுரேவிச் அவற்றை நிலைநிறுத்தினார். அந்த மொழியில் ஹாப்ஃபின் முடிவு ஒரு வரி: 2-கோளத்தின் மூன்றாம் ஹோமோடோபி குலம் முழு எண்களின் குலம், அதை உருவாக்குவது ஹாப்ஃப் சார்பு.

அதே 1935இல் ஹாப்ஃப் பொதுநிலைக்குப் போனார்: (2ந − 1)-கோளத்திலிருந்து ந-கோளத்துக்கான சார்புகள். ந ஒற்றை எண் என்றால் மாறிலி எப்போதும் 0. ந இரட்டை என்றால் மாறிலி 2 உள்ள சார்பு எப்போதும் உண்டு. மாறிலி 1 உள்ள சார்பு ந = 2, 4, 8 ஆகியவற்றில் கலப்பெண், குவாட்டர்னியன் (நான்கு பரிமாண எண்), ஆக்டோனியன் (எட்டுப் பரிமாண எண்) பெருக்கலிலிருந்து கிடைக்கிறது. வேறு எந்த ந-க்கும் கிடைக்காதா? இந்தக் கேள்வி கால் நூற்றாண்டு நின்றது. 1960இல் ஃப்ராங்க் ஆடம்ஸ் கிடைக்காது என்று நிறுவினார். 1966இல் ஆடம்ஸும் அட்டியாவும் கே-கோட்பாடு என்ற கருவியால் அதைச் சில பக்கங்களுக்குச் சுருக்கினார்கள். கோளங்களின் உயர் ஹோமோடோபி குலங்களில் முடிவற்றவை எவை என்று 1951இல் ழான்-பியர் செர் கண்டபோதும், வெளிப்படையான ந-ஆம் குலத்தைத் தவிர மிஞ்சியது ஹாப்ஃப் மாறிலி வாழும் அந்த (2ந − 1)-ஆம் குலம், அதுவும் ந இரட்டையாக இருக்கும்போது மட்டும்.

பெருக்கல் பற்றிய பேச்சு வந்ததால் 1940ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் போவோம். என் கணிப்பில் ஹாப்ஃபின் அழகான வேலை இது. மெய்யெண்கள் 1 பரிமாணம், கலப்பெண்கள் 2, குவாட்டர்னியன்கள் 4, ஆக்டோனியன்கள் 8. பூச்சியமல்லாத இரண்டைப் பெருக்கினால் பூச்சியம் வராத பெருக்கல் வேறு எந்தப் பரிமாணத்தில் இருக்க முடியும்? ஹாப்ஃபின் விடை: பரிமாணம் ந, 2-இன் அடுக்காக இருந்தே தீர வேண்டும். இன்றைய மொழியில் நிறுவல் இது. இப்படிப்பட்ட பெருக்கல் இருந்தால், அது (ந − 1) பரிமாண வீழ்ப்பு வெளிகள் (கோளத்தின் எதிரெதிர்ப் புள்ளிகளை ஒன்றாக்கினால் கிடைப்பவை) இரண்டின் பெருக்கத்திலிருந்து அதே வீழ்ப்பு வெளிக்கு ஒரு சார்பைத் தரும். அந்த வெளியின், எச்சம் 2-இன்படி (இரட்டை எண்களெல்லாம் 0) எடுத்த கோஹோமாலஜி வளையத்தில் (ஹோமாலஜியின் மறுபக்கம்; இதில் உறுப்புகளைப் பெருக்கலாம்) ஓர் ஆக்கி (மற்றவற்றை உருவாக்கும் உறுப்பு) மட்டும். அதன் ந-ஆம் அடுக்கு 0. அந்த ஆக்கி, சார்பின் வழியே அ + ஆ (இரு பிரதிகளின் ஆக்கிகள்) என்பதற்குப் போகிறது. ஆகவே (அ + ஆ)-இன் ந-ஆம் அடுக்கும் 0 ஆக வேண்டும். விரித்தால், இரு முனைகளைத் தவிர்த்த ஈருறுப்புக் கெழுக்கள் எல்லாம் இரட்டை எண்களாக இருக்க வேண்டும். அது ந, 2-இன் அடுக்காக இருந்தால் மட்டுமே நடக்கும். ந = 3 என்றால் 3 என்ற கெழுவே தடுக்கிறது. ந = 6 என்றால் 6 தாண்டிவிடும், அடுத்து வரும் 15 தடுக்கும். ந = 16இல் எல்லாக் கெழுக்களும் இரட்டை; இந்த முறை அங்கே வாயடைத்துவிடுகிறது. 16 முதலானவற்றை நீக்க 1958 வரை காத்திருக்க வேண்டியிருந்தது: ரவுல் பாட், ஜான் மில்னர் ஆகியோர் ஒரு பக்கம், மிஷெல் கெர்வேர் மறுபக்கம்.

அதே கட்டுரையில் இன்னொரு முடிவும் இருக்கிறது: பெருக்கல் பரிமாற்றுப் பண்பு உள்ளதாகவும் இருந்தால் பரிமாணம் 1 அல்லது 2 மட்டுமே. அலகுக் கோளத்தில் ஒவ்வொரு அ-வையும் அ²-க்கு அனுப்பி, நீளத்தை 1 ஆக்குங்கள். பரிமாற்றுப் பண்பால் அ² − ஆ² = (அ − ஆ)(அ + ஆ). எனவே இரண்டு புள்ளிகள் ஒரே இடத்துக்குப் போனால் அவை ஒன்றாகவோ ஒன்றுக்கொன்று எதிராகவோ இருக்க வேண்டும். ஆகவே வீழ்ப்பு வெளி ஒன்று அதே பரிமாணக் கோளத்துக்குள் ஒன்றுக்கொன்றாகப் பொருந்துகிறது. பரிமாணங்கள் சமம் என்பதால் அது முழுவதையும் நிரப்பும். வீழ்ப்பு வெளியே கோளம் என்றாகிவிடும். அது வட்டத்துக்கு மட்டுமே உண்மை. மூன்றே வரிகள், பயன்பட்டது இடவியல், விளைந்தது இயற்கணித உண்மை.

1941இன் கட்டுரையிலிருந்து வந்ததுதான் ஹாப்ஃப் இயற்கணிதம். செம்மைக் குலங்களின் (சுழற்சி அணிகள் போன்றவற்றின் குலங்கள்) பெட்டி எண்களைப் பொன்ட்ரியாகின், ரிச்சர்ட் பிராவர் ஆகியோர் குடும்பம் குடும்பமாக ஏற்கெனவே கணக்கிட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம் வந்தது. ஏன் என்பதுதான் ஹாப்ஃபின் கேள்வி. அவருடைய விடைக்கு லீ குலங்களின் (தொடர்ச்சியாக மாறும் உறுப்புகள் கொண்ட இத்தகைய குலங்கள்) வகைப்பாடு எதுவும் தேவைப்படவில்லை. மூடிய மேனிஃபோல்டில் சமனி உள்ள தொடர்ச்சியான பெருக்கல் ஒன்று போதும். பெருக்கல் கோஹோமாலஜியில் எதிர்த்திசையில் செயல்பட்டு, ஒவ்வோர் உறுப்பு அ-வையும் அ⊗1 + 1⊗அ + இடைப்பட்ட உறுப்புகள் என்று பிரிக்கிறது (⊗ என்பது இரு பிரதிகளிலிருந்து ஒவ்வோர் உறுப்பாக எடுத்துப் பெருக்குவது). இந்தப் பிரிப்பும் வளையப் பெருக்கலும் ஒத்துப்போக வேண்டும் என்பதே நிபந்தனை; இந்த அமைப்புதான் ஹாப்ஃப் இயற்கணிதம். ஹாப்ஃப் ஹோமாலஜியிலேயே, தாம் 1930இல் அமைத்த பின்திருப்புச் சார்பைக் கொண்டு இதைச் செய்தார்.

2-கோளத்துக்குப் பெருக்கல் இல்லை என்பதை இப்படிப் பார்க்கலாம். அதன் ஆக்கி அ, படி (இங்கே அந்த உறுப்பு வாழும் பரிமாணம்) 2. இடையில் வர வேறு எதுவும் இல்லாததால் அ போவது அ⊗1 + 1⊗அ-க்கு. வர்க்கப்படுத்தினால் 2(அ⊗அ); இது பூச்சியம் அல்ல. ஆனால் அ² = 0. முரண். இதே வாதம் எல்லா இரட்டைப் பரிமாணக் கோளங்களையும் நீக்குகிறது. ஆக்கி ஒற்றைப் படி என்றால் குறுக்கு உறுப்புகள் எதிர்க் குறியோடு வந்து கழிந்துவிடும். பொதுத் தேற்றம்: விகிதமுறு எண்களின் மேல் இப்படிப்பட்ட வெளியின் கோஹோமாலஜி, ஒற்றைப் பரிமாணக் கோளங்கள் சிலவற்றின் பெருக்கத்தினுடையதைப் போன்றது. 3×3 சிறப்பு யூனிட்டரி அணிகளின் குலத்துக்கு அந்தக் கோளங்கள் 3, 5. கூட்டினால் 8, குலத்தின் பரிமாணமும் 8. பெட்டி எண்கள் 0, 3, 5, 8 ஆகிய இடங்களில் தலா 1.

இதைப் பயன்படுத்துவதில் இரண்டு எச்சரிக்கைகள். விகிதமுறு எண்களை விட்டு எச்சம் 2-க்கு மாறினால் தேற்றம் உடையும்: முப்பரிமாணச் சுழற்சிகளின் குலம் மூன்று பரிமாண வீழ்ப்பு வெளியேதான், அதில் படி 1 உள்ள ஆக்கியின் வர்க்கம் பூச்சியம் அல்ல. மறுதலையும் பொய்: 5-கோளம் ஹாப்ஃபின் சோதனையைத் தாண்டுகிறது, ஆனால் அதற்குப் பெருக்கல் கிடையாது. நேர்ப் பரிமாணங்களில் பெருக்கல் உள்ள கோளங்கள் 1, 3, 7 மட்டுமே. அதுவும் ஆடம்ஸின் முடிவுதான். 7-கோளத்தின் பெருக்கல் ஆக்டோனியனிலிருந்து வருவதால் சேர்ப்புப் பண்பு இல்லை, அதனால் அது குலம் ஆகாது. ஆனால் ஹாப்ஃப் சேர்ப்புப் பண்பைக் கேட்கவே இல்லை. இந்த அமைப்புக்கு முழு வரையறை தந்து தனிப் பொருளாக்கியவர்கள் பின்னால் வந்தவர்கள். 1965இல் மில்னரும் மூரும் எழுதிய கட்டுரை அதில் முக்கியமானது. 1980களில் அதிலிருந்து குவாண்டம் குலங்கள் கிளைத்தன.

கடைசியாக 1942. ஒரு வெளியின் அடிப்படைக் குலம் (அதில் உள்ள சுற்றுப்பாதைகளின் குலம்) தெரிந்தால் அதன் இரண்டாம் ஹோமாலஜி பற்றி எவ்வளவு தெரியும்? கோளங்களின் பிம்பங்களாக வரும் பகுதியை நீக்கினால் மீதி முழுவதும் தெரியும் என்றார் ஹாப்ஃப். அதற்குச் சூத்திரமும் தந்தார். குலத்தைக் கட்டற்ற குலம் (ஆக்கிகளிடையே எந்தத் தொடர்பும் இல்லாதது) க-வின் ஆக்கிகளாலும் தொடர்புகளின் குலம் த-வாலும் எழுதினால், மீதி (த ∩ [க, க]) / [க, த]. சதுர அடைப்பு என்பது பரிமாற்றிகள் (அஆஅ⁻¹ஆ⁻¹ வடிவ உறுப்புகள்) உருவாக்கும் உட்குலம். முடிவுறு குலங்களுக்கு ஷூர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறொரு தேவைக்காகக் கண்டதும் இதே பொருள்தான். சுழற்குலத்துக்கு க ஒரே ஆக்கி உள்ளது, [க, க] அற்பமானது, விடை 0. டோரஸுக்கு ஆக்கிகள் இரண்டு, த = [க, க]; விடை [க, க] / [க, [க, க]], அதாவது முழு எண்களின் குலம். டோரஸின் இரண்டாம் ஹோமாலஜி அதுதான். இதிலிருந்து குலங்களின் ஹோமாலஜி பிறந்தது: ஹாப்ஃப், அவர் மாணவர் எக்மன், ஃப்ராய்டந்தால் ஆகியோர் ஐரோப்பாவிலும், ஐலன்பெர்க்கும் மக்லேனும் அமெரிக்காவிலுமாகப் போர்க்காலத்தில் தனித்தனியே அதை எல்லாப் பரிமாணங்களுக்கும் விரித்தார்கள்.

சூத்திரத்தைப் பயன்படுத்தும்போது த என்பது எழுதிய தொடர்புகள் மட்டுமோ அவை உருவாக்கும் உட்குலமோ அல்ல. அவற்றின் எல்லா இணையியங்களையும் (ஒருபுறம் க-வின் ஓர் உறுப்பாலும் மறுபுறம் அதன் தலைகீழாலும் பெருக்கியவை) சேர்த்த இயல்நிலை உட்குலம். இங்கே தவறினால் விடை முழுவதும் கெடும். சரிபார்க்க மூன்று பரிமாண டோரஸை எடுத்துக்கொள்ளலாம்: ஆக்கிகள் மூன்று, த மறுபடியும் [க, க], விடையின் தரம் 3 வர வேண்டும். ஒவ்வோர் இணை ஆக்கிகளின் பரிமாற்றிக்கும் ஒன்று.